ஸ்வெட்டர்: கழுத்திலிருந்தா, அடியிலிருந்தா, துண்டு துண்டாகவா?

பிறர் எழுதிய பேட்டர்னைப் பார்த்து ஒன்றிரண்டு ஸ்வெட்டர் முடித்தவர்களுக்கு அடுத்து வருகிற ஆசை, சொந்தமாக ஒன்றை வடிவமைப்பது. நிறம், டிசைன், கழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் முதல் கண்ணியை ஊசியில் ஏற்றுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது வேறு: எங்கிருந்து தொடங்குவது? கழுத்திலிருந்து இறங்கலாம், அடியிலிருந்து ஏறலாம், முன், பின், கை என்று தனித்தனியாகப் போட்டு மூட்டலாம். ஊசியா, ஒற்றைக் கொக்கியால் பின்னும் குரோஷேயா என்பது அதற்கும் முந்தைய கேள்வி.

இவற்றை ஒப்பிடும்போது பெரும்பாலும் "எது சுலபம்", "எது அழகு" என்றே பேசுகிறார்கள். எனக்கு இன்னொரு அளவுகோல்தான் உதவியாகப் படுகிறது. சொந்த டிசைனில் எங்காவது ஒரு அளவு பிசகத்தான் செய்யும். அந்தப் பிசகு எப்போது கண்ணுக்குத் தெரியும், தெரிந்தபின் எவ்வளவு பிரிக்க வேண்டும்? இதை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையின் உண்மையான குணமும் வெளியே வந்துவிடும்.

ஊசியா, குரோஷேயா?

ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் எந்நேரமும் ஊசியில் உயிரோடு நிற்கும். ஒன்று நழுவினால் ஏணிப்படி மாதிரி கீழே இறங்கிக்கொண்டே போகும். குரோஷேயில் ஒவ்வொரு கண்ணியும் அங்கேயே முடிந்துவிடும். கொக்கியில் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். பிரிப்பதென்றால் நூலை இழுத்துக்கொண்டே போய் வேண்டிய இடத்தில் நிறுத்தி, கொக்கியை மாட்டித் தொடரலாம். பிசகைத் திருத்தும் செலவு என்று பார்த்தால் குரோஷேக்கு இது பெரிய பலம். அளவைக் கண்ணால் பார்த்துப் பார்த்து மாற்றிக்கொண்டே போகிறவர்களுக்கு குரோஷே ஒத்துப்போவது இதனால்தான்.

ஆனால் துணியின் குணம் வேறு. ஊசிப் பின்னல் துணி இழுத்தால் விரிந்து, விட்டால் திரும்பும். அதனால் உடம்பளவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தவறினாலும் அது சமாளித்துக்கொள்ளும். குரோஷே துணி அவ்வளவு விட்டுக்கொடுக்காது. கைக்குழி சின்னதாகிவிட்டால் கையைத் தூக்கும்போதெல்லாம் ஸ்வெட்டர் முழுவதும் மேலே ஏறும். அதோடு கண்ணி கெட்டியாக இருப்பதால் அதே அகல நீளத்துக்கு நூலும் பொதுவாகக் கூடுதலாகப் பிடிக்கும், எடையும் கூடும். சிங்கிள் குரோஷே என்ற குட்டைக் கண்ணியை நூலின் லேபிளில் சொன்ன கொக்கியில் போட்டால் பை தைக்கத்தான் லாயக்கு. ஸ்வெட்டருக்கு ஒன்றிரண்டு அளவு பெரிய கொக்கி, மெல்லிய நூல், ஹாஃப் டபுள் மாதிரி கொஞ்சம் உயரமான கண்ணி: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் துணி வளைந்து விழும்.

குரோஷேயில் இன்னொரு விஷயத்தையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. துணியைத் திருப்பாமல் வட்டமாகவே சுற்றிக்கொண்டு போனால் கண்ணிகள் நேர்க்கோட்டில் அடுக்காமல் மெல்ல ஒரு பக்கமாகச் சாயும். கழுத்திலிருந்து அக்குளுக்கு வரவேண்டிய கோடு முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் துணியைத் திருப்பிப் போட்டால் இந்தச் சாய்வு அடிபட்டுப் போகும்.

இடுப்பு, மணிக்கட்டு, கழுத்து ஆகிய மூன்று இடத்திலும் ரிப் எனும் வரிவரியான பட்டி இழுத்துப் பிடிக்க வேண்டும் என்றால் ஊசிப் பின்னலோடு போட்டியே இல்லை. குரோஷேயில் பட்டியைக் குறுக்காகப் போட்டு ரிப் மாதிரி தோற்றம் கொண்டுவரலாம்; பிடிமானம் ஊசி ரிப் அளவுக்கு வராது. உடம்பு முழுவதும் குரோஷே, பட்டிகள் மட்டும் ஊசி என்று கலந்து செய்வதிலும் தவறில்லை. ஏனோ அப்படிச் செய்யப் பலர் தயங்குகிறார்கள்.

மாதிரித் துண்டு

எந்த முறையானாலும் இதைத் தாண்டிப் போக முடியாது. 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்று கணக்குப் போட்டு, 100 செ.மீ. சுற்றளவுக்கு 200 கண்ணி ஏற்றுகிறீர்கள். உண்மையில் உங்கள் கை 10 செ.மீ.க்கு 21 கண்ணி போடுகிறது. வித்தியாசம் ஒரே ஒரு கண்ணிதான், ஆனால் ஸ்வெட்டர் 95 செ.மீ.யில் நிற்கும். 18 கண்ணி விழுந்தால் 111 செ.மீ. அதனால் 15 செ.மீ.க்குக் குறையாமல் ஒரு சதுரம் போட்டு, ஸ்வெட்டரை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே துவைத்து, காயவைத்து, நடுவில் அளக்க வேண்டும். வட்டமாகப் பின்னப் போகிறீர்கள் என்றால் மாதிரியையும் வட்டமாகவே போடுங்கள். தட்டையாகப் பின்னும்போது எதிர்க்கண்ணி (பர்ல்) வரிசையில் பலருக்குக் கை தளர்ந்துவிடும். பருத்தி நூல் என்றால் துண்டின் அடியில் நான்கு கிளிப் மாட்டி ஓர் இரவு தொங்கவிட்டு மறுபடி அளங்கள். முழு ஸ்வெட்டரின் எடை அதை எவ்வளவு இழுக்கும் என்பது ஓரளவு புரியும்.

இனி கீழே வரும் கணக்குக்கு எல்லாம் ஒரே உதாரணம்: மார்பு 90 செ.மீ., லூஸ் 10 செ.மீ., மொத்தம் 100. ஊசிப் பின்னலில் 10 செ.மீ.க்கு 20 கண்ணி, 28 வரிசை.

கழுத்திலிருந்து இறங்கும் ராக்லான்

1815இல் வாட்டர்லூ போரில் வலது கையை இழந்த ராக்லான் பிரபுவின் பெயர்தான் இந்தக் கைக்கு. தோளில் தனி மூட்டு கிடையாது. கழுத்திலிருந்து அக்குள் வரை நான்கு சாய்வுக் கோடுகள் இறங்கும். அவற்றுக்கு இடையில் முன், பின், இரண்டு கை. ஒவ்வொரு கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு கண்ணி கூட்டினால், ஒரு சுற்றுக்கு 8 கண்ணி கூடும். வழக்கமாக ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று கூட்டுவார்கள்.

நம் உதாரணத்தில் கழுத்துக்கு 80 கண்ணி. முன்புறம் 37, பின்புறம் 37, கைக்கு மும்மூன்று. உடம்புக்கு மொத்தம் 200 வேண்டும். அதில் அக்குளில் பக்கத்துக்கு 16 பிறகு சேர்த்துக்கொள்வோம். ஆக முன்னும் பின்னும் சேர்த்து 168க்கு வர வேண்டும். மேல்கைக்கு 66 தேவை, அதிலும் 16 அக்குளில் கிடைத்துவிடும், ஆக கைக்கு 50. எல்லாம் கூட்டினால் 268. 80லிருந்து 268 போக 188 கண்ணி கூட்ட வேண்டும். 8ஆல் வகுத்தால் 24 முறைக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்று விட்டு ஒன்று என்றால் 48 சுற்று, அதாவது சுமார் 17 செ.மீ.

இங்கேதான் கவனிக்க வேண்டும். இந்த உடம்புக்குக் கழுத்திலிருந்து அக்குள் வரை 20, 21 செ.மீ. ஆழமாவது இருந்தால்தான் கை தாராளமாக அசையும். கண்ணிக் கணக்கு சரியாக வந்துவிட்டது, ஆழம் மட்டும் 4 செ.மீ. குறைகிறது. கடைசிச் சில கூட்டல்களை மூன்று சுற்று விட்டு நான்காவது சுற்றில் போட்டால் சரியாகிவிடும். ராக்லானில் அகலமும் ஆழமும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை, 10 செ.மீ.க்கு எத்தனை வரிசை என்பதைப் பலர் அளப்பதே இல்லை, ராக்லானில் அது நேராகக் கைக்குழியில் வந்து நிற்கும். இன்னொரு சிக்கல், உடம்பும் கையும் ஒரே வேகத்தில் விரிவது. மார்பு பெரிது, கை மெலிது என்ற உடல்வாகுக்கு இந்த வேகம் ஒத்துவராது. உடம்புப் பக்கம் ஒவ்வொரு முறையும், கைப் பக்கம் இடையிடையே விட்டுவிட்டும் கூட்டி, இரண்டையும் பிரித்துவிட வேண்டும்.

இவ்வளவு சொல்லியும் சொந்த டிசைனின் முதல் ஸ்வெட்டருக்கு நான் இதைத்தான் சொல்வேன். காரணம், போட்டுப் பார்க்க முடிவது. கண்ணிகளை நீளமான ஒரு நூலுக்கு மாற்றிவிட்டு, தலைவழியே மாட்டிப் பார்க்கலாம். கழுத்து அகலமா, அக்குள் பிடிக்கிறதா என்பதெல்லாம் மொத்த வேலையில் கால்பங்கு முடிவதற்குள்ளேயே தெரிந்துவிடும். அப்போது பிரிப்பது யோக்கை, அதாவது கழுத்திலிருந்து அக்குள் வரையிலான மேல்பகுதியை, மட்டும்தான். உடம்பு நீளத்தையும் கை நீளத்தையும் கடைசியில் முடிவு செய்யலாம். நூல் குறைவாக இருக்கிறது என்றால் முதலில் கைகளை முடித்துவிட்டு, மிச்சம் இருக்கும்வரை உடம்பைப் போட்டுக்கொண்டே போகலாம். ஒரு பெரியவருக்கான ஸ்வெட்டர் 1000 மீட்டருக்கு மேல் நூல் கேட்கும் என்பதால் இது சின்ன சௌகரியம் இல்லை.

குரோஷேக்கும் இது நன்றாகப் பொருந்தும், கணக்கு மட்டும் மாறும். டபுள் குரோஷே வரிசை உயரமானது. 10 செ.மீ.க்கு 14 கண்ணி, 8 வரிசை என்று வைத்தால் 20 செ.மீ. ஆழத்துக்குக் கிடைப்பது 16 வரிசைதான். ஆகவே ஒன்று விட்டு ஒன்று என்ற பேச்சே இல்லை, ஒவ்வொரு வரிசையிலும் 8 கூட்ட வேண்டும். அப்படிப் போட்டால் அகலமும் ஆழமும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்து சேரும்.

குறை? கைகளைப் பின்னும் நேரம் வரும்போது முழு ஸ்வெட்டரும் மடியில் கிடக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் அதையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். வெயில் காலத்தில் இது ஒரு தண்டனை.

அடியிலிருந்து ஏறும் வட்ட யோக்

இதில் உடம்பை ஒரு குழாயாக அக்குள் வரை பின்ன வேண்டும், கைகளை இரண்டு சின்னக் குழாய்களாகப் பின்ன வேண்டும், பிறகு மூன்றையும் ஒரே ஊசியில் சேர்த்துக் கழுத்து வரை குறைத்துக்கொண்டே போக வேண்டும். ஐஸ்லாந்தின் லோபாபெய்சா ஸ்வெட்டர் இந்தக் குடும்பம்தான். தோளைச் சுற்றி மாலைபோல் ஓடும் வண்ண டிசைனுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. எந்த இடத்திலும் மூட்டு குறுக்கே வந்து டிசைனை வெட்டாது.

கணக்கை எளிமையாக்கிக் கொடுத்தவர் பிரிட்டனில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் ஸிம்மர்மன் (1910–1999). உடம்புக் கண்ணிகளை 100 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மணிக்கட்டுக்கு சுமார் 20, மேல்கைக்கு 33, அக்குளுக்கு 8, கழுத்துக்கு 40. மேலே ராக்லானுக்குப் போட்ட எண்கள்கூட இந்தச் சதவீதத்திலிருந்து வந்தவைதான். யோக்கின் ஆழம் ஸ்வெட்டரின் சுற்றளவில் கால்பங்கு, நமக்கு 25 செ.மீ. அதில் பாதி உயரம்வரை ஒன்றும் குறைக்காமல் போய், ஒரே சுற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் 268 என்பது 179 ஆகும். முக்கால் உயரத்தில் மறுபடி மூன்றில் ஒரு பங்கு, 119. கழுத்துக்கு அருகில் இன்னொரு முறை, 80. குறைக்கும் சுற்றுகள் மூன்றே மூன்று. இடைப்பட்ட பட்டைகளில் டிசைனை எந்தத் தடையும் இல்லாமல் ஓடவிடலாம்.

அழகான ஏற்பாடு, ஆனால் என் அளவுகோலில் கொஞ்சம் பின்தங்குகிறது. உடம்பும் இரண்டு கையும் முடிந்த பிறகுதான் யோக் சரியா என்பது தெரியும். யோக்கைப் பிரித்துவிட்டு மறுபடி போடலாம், அது பரவாயில்லை. உடம்பு நீளம் போதவில்லை என்றால்தான் வம்பு: ஆரம்பித்த விளிம்பிலிருந்து கண்ணிகள் வரிசை வரிசையாகப் பிரிந்து வராது. ஒரு கண்ணியை வெட்டி, ஒரு வரிசையை உருவி, திறந்த கண்ணிகளை ஊசியில் எடுத்துக் கீழ்நோக்கிப் பின்ன வேண்டும். செய்யக்கூடியதுதான், ஆனால் கத்தரிக்கோலை எடுக்கும்போது கை நடுங்கும். அதோடு சதவீதங்கள் சராசரி உடம்புக்கானவை. 130 செ.மீ. மார்புக்கு 40 சதவீதம் என்றால் 52 செ.மீ. கழுத்து, தோளை விட்டு வழியும். மார்பு பெருத்த அளவுக்குக் கழுத்து பெருப்பதில்லை. பெரிய அளவுகளில் கழுத்தை நேரே அளந்து எண்ணை எடுத்துக்கொள்வதுதான் சரி.

வட்ட யோக்கில் முன்னும் பின்னும் ஒரே உயரமாக விட்டுவிட்டால் முன்கழுத்து தொண்டையில் முட்டும். பின்புறத்தில் மட்டும் சில பாதி வரிசைகள் கூடுதலாகப் போட்டு முதுகுப் பக்கத்தை உயர்த்த வேண்டும். பேட்டர்னில் இது எழுதியிருக்கும். சொந்த டிசைனில் நினைவுபடுத்த யாரும் இல்லை.

துண்டுகளாகப் பின்னி மூட்டுவது

தையல்காரர் சட்டை தைக்கும் அதே தர்க்கம்: முன், பின், இரண்டு கை, வளைந்த கைக்குழி, அதில் பொருந்தும் வளைந்த கைத்தலை. தோளும் மார்பும் கச்சிதமாக உட்கார வேண்டும் என்றால் இதற்கு ஈடு எதுவும் இல்லை. இதன் மதிப்பைப் பலர் குறைத்து நினைக்கிறார்கள் என்பது என் எண்ணம், காரணம் மூட்டுத் தையல் மீதுள்ள பயம். அந்த மூட்டுதான் ஸ்வெட்டரின் எலும்பு. பருத்தி, மூங்கில், பட்டு கலந்த நூல்கள் எடையாலேயே கீழே இறங்கும். தோள்மூட்டு அந்த எடையைத் தாங்கிப் பிடிக்கும். மூட்டே இல்லாத பருத்தி ஸ்வெட்டரை ஒரு நாள் முழுக்கப் போட்டுப் பாருங்கள், மாலையில் அது குர்தா நீளத்துக்கு வந்திருக்கும்.

ஒவ்வொரு துண்டும் சின்னது, கையில் எடுத்துப் போகலாம், மடியில் பாரம் இல்லை. ஒரு துண்டு தவறினால் அதை மட்டும் பிரிக்கலாம். ஆனால் எல்லாத் துண்டும் முடிந்து மூட்டிய பிறகுதான் உண்மை தெரியும். பிசகைக் கடைசியாகச் சொல்லும் முறை இதுதான். கணிப்பு முழுவதும் தாளில். கைத்தலையின் வளைவு நீளமும் கைக்குழியின் வளைவு நீளமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். கைத்தலை அதிகமானால் தோளில் கொசுவம் விழும், குறைந்தால் அக்குள் இழுக்கும். ஏற்கெனவே நன்றாகப் பொருந்துகிற ஒரு ஸ்வெட்டரைத் தரையில் விரித்து, அதன் கைக்குழியின் மீது ஒரு நூலைப் படியவைத்து அளந்து அங்கிருந்து தொடங்கினால், பாதிக் கவலை தீரும்.

நேரான துண்டுகள்

கைக்குழியே இல்லாமல் இரண்டு பெரிய செவ்வகம், இரண்டு கை. தோள் கீழே இறங்கி மேல்கையில் உட்காரும், அக்குளில் கொஞ்சம் துணி திரளும். கணக்கு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சிக்கலான கயிற்றுப் பின்னல், குரோஷே சரிகை மாதிரி, நடுவில் கூட்டிக் குறைத்தால் கெட்டுப்போகும் டிசைன்களுக்கு இதுதான் கை கொடுக்கும். தளர்வாகப் போடுவதற்கென்றே வடிவமைத்தால் குறையும் குறையாகத் தெரியாது.

பிரிட்டன் கடற்கரை மீனவர்களின் கேன்ஸி ஸ்வெட்டர்கள் இதன் கெட்டிக்காரத்தனமான வடிவம். அக்குளில் ஒரு சின்ன சாய்சதுரத் துண்டு வைத்துக் கை அசைய இடம் கொடுத்தார்கள். கையைத் தோளில் கண்ணி எடுத்து மணிக்கட்டை நோக்கிப் பின்னினார்கள். முழங்கையோ மணிக்கட்டோ நைந்துபோனால் அதுவரை பிரித்துவிட்டுப் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம். வருஷக்கணக்கில் போடப் போகிற ஸ்வெட்டர் என்றால் இந்த யோசனையை எந்த முறையிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

குரோஷேயில் இரண்டு பெரிய அறுகோணங்களை மடித்து, ஒவ்வொன்றையும் ஒரு பாதியாக வைத்து முதுகில் மூட்டும் கார்டிகனும் இந்த வகையில்தான் சேரும். ஓர் அறுகோணம் உடம்பைத் தொடும் அளவுக்கு வளர்ந்ததா என்று மேலே வைத்துப் பார்த்தால் போதும்.

நூல் என்ன சொல்கிறது

கையில் ஏற்கெனவே நூல் இருந்தால் பாதி முடிவை அது எடுத்துவிடும். கம்பளி நூல் மீள்தன்மை உள்ளது, நனைத்து விரித்துக் காயவைத்தால் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களை மறைத்துக்கொள்ளும். எந்த முறையும் அதற்குச் சரி. மெஷினில் துவைக்கலாம் என்று சூப்பர்வாஷ் செய்த கம்பளி நனைந்தால் நன்றாக நீளும், ஆகவே துவைத்த மாதிரியை நம்பியே கணக்குப் போடுங்கள். பருத்திக்கு மூட்டு வேண்டும், அல்லது துணியே லேசாக இருக்க வேண்டும். அக்ரிலிக் நனைத்து விரித்தாலும் பெரிதாக மசியாது. பின்னும்போது என்ன வடிவமோ கிட்டத்தட்ட அதுவேதான் கடைசி வரை. சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் துணி செத்துத் தொங்கிவிடும். அதனால் அக்ரிலிக்குக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டே போகும் முறை, அதாவது மேலிருந்து கீழ், பாதுகாப்பு.

முன்பக்கம் திறந்த கார்டிகன் வேண்டும் என்றால், வட்டமாகப் பின்னிவிட்டு நடுவில் வெட்டித் திறக்கும் வழி உண்டு. ஒட்டிக்கொள்ளும் தன்மையுள்ள முரட்டுக் கம்பளியில், வெட்டும் கோட்டின் இருபுறமும் தைத்து உறுதி செய்த பிறகு மட்டும். பருத்தியிலோ வழுக்கும் நூலிலோ இதற்குத் துணிய வேண்டாம். குரோஷேயில் இந்தக் கவலையே இல்லை, எப்படியும் திருப்பித் திருப்பித்தான் போடுகிறோம்.

யாருக்கு எது

முதல் சொந்த டிசைன், அளவில் நிச்சயம் இல்லை, நூல் போதுமா என்றும் தெரியவில்லை: கழுத்திலிருந்து ராக்லான், ஊசியோ குரோஷேயோ. தோளைச் சுற்றி வண்ண டிசைன்தான் ஸ்வெட்டரின் உயிர் என்றால் வட்ட யோக். அதை மேலிருந்தும் பின்னலாம், கூட்டல்களைத் தலைகீழாக வைத்தால் போதும், அப்போது நீளத்தை மாற்றும் வசதியும் கூடவே வரும். பருத்தியில் கச்சிதமான ஸ்வெட்டர் என்றால் துண்டுகளாக. கனமான கயிற்றுப் பின்னலோ குரோஷே கட்டங்களோ என்றால் நேரான துண்டுகள்.

வேறொருவருக்குப் பரிசாகப் போடுகிறீர்கள், அவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்றால் மட்டும் என் அளவுகோல் உதவாது, போட்டுப் பார்க்க அவர் கையில் கிடைக்க மாட்டாரே. அவர் விரும்பிப் போடுகிற ஒரு ஸ்வெட்டரை எப்படியாவது ஒரு மணி நேரம் கைப்பற்றி, மார்பு, உடம்பு நீளம், அக்குளிலிருந்து கை நீளம், மேல்கைச் சுற்றளவு என்று நான்கையும் அளந்துகொள்ளுங்கள். பிறகு நேரான துண்டுகளில், 15 செ.மீ. லூஸ் விட்டுப் போடுங்கள்.